வேளச்சேரிக்கு அப்பால் ஐந்து கிலோமீட்டர்: சென்னை ரயில்களின் பணமும் அதிகாரமும்

2023 ஆகஸ்ட் 27ஆம் தேதி சென்னைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. விபத்து ஏதும் நடக்கவில்லை. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது பாதை போட ரயில்வேக்கு இடம் தேவைப்பட்டது. பக்கத்தில் இருந்த பறக்கும் ரயில் தடத்தில் கை வைக்காமல் அந்த இடம் கிடைக்காது. ஏழு மாதத்தில் வேலை முடியும் என்று அறிவித்தார்கள். மறுபடி ரயில் கடற்கரை நிலையத்துக்கு வந்தது 2024 அக்டோபர் 29 அன்று. நாலே கால் கிலோமீட்டர் பாதைக்குப் பதினான்கு மாதம்.

நான்காவது பாதை தேவையற்றது என்று யாரும் சொல்ல முடியாது. தெற்கிலிருந்து வரும் தொலைதூர ரயில்களை எழும்பூரைத் தாண்டி வடக்கே அனுப்ப அதுவரை ஒற்றைப் பாதைதான் இருந்தது. அந்த அடைப்பை எடுத்தாக வேண்டும். ஆனால் வேளச்சேரியிலும் மயிலாப்பூரிலும் ஏறி உயர் நீதிமன்றத்துக்கும் துறைமுகத்துக்கும் பாரிமுனைக்கும் போகிறவர்கள் பதினான்கு மாதம் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி வேறு வழி தேடினார்களே, அவர்கள் சார்பில் பேச யாருக்கு உரிமை இருந்தது? வேலையைக் கட்டங்கட்டமாகச் செய்யுங்கள், ஒரு தடத்தையாவது திறந்து வையுங்கள் என்று ஆணையிடும் அதிகாரம் மாநகராட்சிக்குக் கிடையாது. பறக்கும் ரயிலின் இரண்டாம் கட்டத்துக்குப் பெரும்பங்குப் பணம் கொடுத்த மாநில அரசுக்கும் கிடையாது. கோரிக்கை வைக்கலாம், கடிதம் எழுதலாம், அவ்வளவுதான்.

சென்னையின் ரயில் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக நிதிப் பற்றாக்குறையையோ நிலம் கையகப்படுத்தும் சிக்கலையோதான் குறை சொல்கிறோம். இரண்டும் உண்மையான சிக்கல்கள். ஆனால் ஐம்பது ஆண்டுக் கதையைச் சேர்த்துப் பார்த்தால் அவற்றுக்கும் பின்னால் நிற்பது வேறு ஒன்று என்று தோன்றுகிறது. பணம் போடுபவர் ஒருவர், சொத்துக்கும் கால அட்டவணைக்கும் உரியவர் இன்னொருவர், பயணிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று குறிப்பாக யாரும் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. கடற்கரை – தாம்பரம் இடையே மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் 1931 மே மாதம் ஓடத் தொடங்கியது. அதை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதை அதனுடையது, வண்டி அதனுடையது, டிக்கெட் காசு அதனுடையது, நஷ்டம் வந்தால் அதுவும் அதனுடையதுதான். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்து கொண்டிருந்த காலம் அது. புதிய குடியிருப்புகளில் ஆள் சேரச் சேர கம்பெனிக்கு வருமானம். கம்பெனிக்காரர்கள் ஒன்றும் தர்மப் பிரபுக்கள் அல்லர். ஆனால் புறநகர்ப் பயணி அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கத்தில் இருந்தார்.

1944இல் அந்த ரயில்வேயை அரசு எடுத்துக்கொண்டது, 1951இல் தெற்கு ரயில்வே பிறந்தது. அதன்பின் சென்னையின் மின்சார ரயில் நாடு தழுவிய ஒரு பெரும் அமைப்பின் மிகச் சிறிய உறுப்பாயிற்று. நிலக்கரியும் இரும்புத் தாதுவும் ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிகளின் லாபத்தில்தான் இந்திய ரயில்வே பயணிகள் நஷ்டத்தை ஈடுகட்டுகிறது. பயணிகளிலும் புறநகர்ப் பயணியால் ஏற்படும் நஷ்டம் அதிகம். குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய். 2025 ஜூலையில் ரயில் கட்டணம் உயர்த்தப்பட்டபோதுகூடப் புறநகர்க் கட்டணத்தையும் சீசன் டிக்கெட்டையும் தொடவில்லை. ஏழைத் தொழிலாளிக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ரயில்வே அதிகாரியின் மேசையிலிருந்து பாருங்கள். தாம்பரம் தடத்தில் கூடுதலாக ஒரு வண்டி விட்டால் நஷ்டம் கூடும். அந்த நேரத்தில் போக வேண்டிய ஒரு தொலைதூர ரயிலுக்கு வழி குறையும். ஆகவே அவர் தயங்குகிறார். அந்த அமைப்பின் கணக்குக்கு அந்தத் தயக்கம் பொருத்தமானதுதான். கணக்கையே மாற்றாமல் அதிகாரிகளின் மனசாட்சியைத் தட்டியெழுப்பிப் பயனில்லை.

பறக்கும் ரயிலின் கதை இதற்கு முழு உதாரணம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் திட்டக் குழு பெருநகரங்களின் போக்குவரத்தை ஆராயச் சொன்னது. சென்னையில் ரயில்வேயின் பெருநகரப் போக்குவரத்துத் திட்ட அலுவலகம் 1971இல் அமைந்தது. நகரைச் சுற்றி வரும் தடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அப்போதே உருவாகிவிட்டது. ஆனால் முதல் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1983–84இல்தான். மதிப்பீடு சுமார் 53 கோடி ரூபாய். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ரயில் ஓடியது 1995 நவம்பர் 1 அன்று. திருமயிலை வரை 1997 அக்டோபரில். ஒன்பது கிலோமீட்டர்கூட வராத அந்தக் கட்டம் முடிந்தபோது செலவு 260 கோடியைத் தாண்டியிருந்தது. கட்டுமானச் செலவு முழுக்க ரயில்வேயுடையது. மாநிலம் நிலத்தைக் கொடுத்தது.

எந்த நிலத்தை? பக்கிங்காம் கால்வாயை. வீடுகளை இடிக்க வேண்டாம், கடைக்காரர்களிடம் பேரம் பேச வேண்டாம், வழக்குக்கு அலைய வேண்டாம். கால்வாய் பொதுச் சொத்து. படகுப் போக்குவரத்து செத்து வெகுகாலமாகிவிட்டது. நீரோட்டத்திலேயே தூண்களை நட்டார்கள். ஒரு நகரம் தன் ரயில் பாதையைத் தேர்ந்தெடுக்க இதைவிட மோசமான அளவுகோல் இருக்க முடியாது. மக்கள் எங்கே வசிக்கிறார்கள், எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பதைப் பார்த்துத் தடம் போட வேண்டியிருக்க, சண்டை வராத இடம் எதுவோ அதைப் பார்த்துப் போட்டார்கள். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் நிலையங்கள் கோவிலையும் கடைத்தெருவையும் ஒட்டி வராமல் கால்வாய்க்கரையில் ஒதுங்கிப்போனது இதனால்தான். கால்வாய்க்கு நேர்ந்ததையும் மறக்கக் கூடாது. வெள்ளம் வடிய வேண்டிய வழியில் தூண்களும் நிலையக் கட்டடங்களும் வந்து உட்கார்ந்தன. அதைக் கேட்கும் பொறுப்பு ரயில்வேயின் திட்ட அலுவலகத்துக்கு இல்லை. கேட்க வேண்டிய மாநிலத் துறையோ நிலத்தைத் தந்த கையோடு ஒதுங்கிக்கொண்டது.

இரண்டாம் கட்டத்தில் நிதி ஏற்பாடு தலைகீழாக மாறியது. திருமயிலையிலிருந்து வேளச்சேரி வரையிலான பதினொரு கிலோமீட்டருக்கு மாநில அரசு மூன்றில் இரண்டு பங்கு தரும், ரயில்வே மூன்றில் ஒரு பங்கு தரும் என்று முடிவாயிற்று. பெருநகர ரயில் என்பது உள்ளூர்த் தேவை, ஆகவே உள்ளூர் அரசே பெரும்பங்கைச் சுமக்கட்டும் என்ற ரயில்வேயின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பங்கு கொடுத்தவருக்குப் பெரும்பங்கு அதிகாரமும் வர வேண்டுமல்லவா? வரவில்லை. எத்தனை வண்டி, எந்த நேரத்தில், எத்தனை பெட்டி, என்ன கட்டணம் என்பதெல்லாம் தெற்கு ரயில்வேயின் முடிவு. 877 கோடி ரூபாய் அளவுக்கு வளர்ந்த செலவில் மூன்றில் இரண்டைக் கொடுத்துவிட்டு மாநில அரசு பார்வையாளராக நின்றது.

2004 ஜனவரி 26இல் திருவான்மியூர் வரையும் 2007 நவம்பரில் வேளச்சேரி வரையும் ரயில் வந்தது. இந்தக் கட்டத்தின் நிலையங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை நிலையங்கள் அல்ல, கோட்டைகள். கடைகளும் அலுவலகங்களும் வரும், வாடகையில் ரயில் ஓடும் என்ற கணக்கில் தளந்தளமாகக் கட்டினார்கள். பல தளங்கள் இன்றுவரை வெறிச்சோடித்தான் கிடக்கின்றன. இருட்டிய பிறகு அந்தப் படிக்கட்டுகளில் தனியாக ஏறப் பெண்கள் அஞ்சுவது வெறும் மனப்பிரமை அல்ல. கட்டுவது ஒருவர், வாடகைக்கு விடுவது இன்னொருவர், வெளியே தெருவிளக்கும் பேருந்து நிறுத்தமும் அமைப்பது மூன்றாமவர் என்றிருந்தால் வாடகைதாரர் எப்படி வருவார்?

அதே காலத்தில் அந்தத் தடத்தின் கரையில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால்தான் இழப்பின் அளவு புரியும். தரமணியில் டைடல் பார்க் 2000இல் திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையாயிற்று. நிலத்தின் விலை எங்கோ போனது. ஆறுவழிச் சாலை போட்ட செலவை எடுக்கச் சுங்கச்சாவடி வைத்து வாகனங்களிடம் வசூலித்தார்கள். 2021 ஆகஸ்ட்டில்தான் அங்கே நான்கு சாவடிகளில் வசூல் நின்றது. சாலைக்குப் பயனாளியிடம் காசு வாங்கலாம் என்று தெரிந்திருந்த அரசுக்கு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்ததாலேயே கோடீஸ்வரரானவர்களிடமும் ஏதாவது வாங்கலாம் என்று தோன்றவில்லை. வாங்கியிருந்தாலும் அது ரயிலுக்குப் போய்ச் சேர வழியில்லை. நிலத்தின் மீதான வரிகளும் கட்டணங்களும் மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் வருபவை. ரயிலோ ஒன்றிய அரசுடையது. இரண்டு கணக்குகளுக்கும் நடுவே பாலமே கிடையாது.

மற்ற நாடுகள் இந்தப் பாலத்தைக் கட்டிய விதங்கள் பல. பாரிஸ் வட்டாரத்தில் 1971 முதல் ஓர் ஏற்பாடு: தொழில் நிறுவனங்கள் தரும் சம்பளத் தொகையில் ஒரு விகிதம் பொதுப் போக்குவரத்துக்கென்றே வசூலாகிறது. ஊழியர் நேரத்துக்கு வேலைக்கு வந்து சேர்வதால் லாபம் முதலாளிக்கும்தான் என்பது தர்க்கம். லண்டன் கிராஸ்ரெயில் என்ற ரயில் திட்டத்துக்காக 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்களுக்குக் கூடுதல் வரி விதித்தது. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவையும் சான் ஹோசேவையும் இணைக்கும் கால்ட்ரெயினின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மூன்று மாவட்டங்கள் கூட்டாக நடத்திய ரயில் அது. மூன்றும் ஆண்டுதோறும் தத்தம் பட்ஜெட்டிலிருந்து கொடுத்தால்தான் வண்டி ஓடும். ஒருவர் கையை இழுத்துக்கொண்டால் மற்ற இருவரும் இழுத்துக்கொள்வார்கள். கொரோனாவில் பயணிகள் மறைந்து ரயிலே நின்றுவிடும் என்ற நிலை வந்த பிறகுதான், 2020 நவம்பரில் மூன்று மாவட்ட வாக்காளர்களும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரித்து, விற்பனை வரியில் எட்டில் ஒரு சென்ட்டை ரயிலுக்கென்று ஒதுக்கினார்கள். வரி கிடைத்த கையோடு அந்த மூன்று மாவட்டங்களும் நிர்வாகம் யார் கையில் என்று மோதிக்கொண்டன என்பது தனிக்கதை.

வேளச்சேரிக்குத் திரும்புவோம். அங்கிருந்து பரங்கிமலை ஐந்தே கிலோமீட்டர். அதை இணைத்துவிட்டால் பறக்கும் ரயில் முட்டுச்சந்தில் போய் நிற்காமல் தாம்பரம் தடத்தோடு சேர்ந்துவிடும். 1970களில் நினைத்த வட்டத்தின் பெரும்பகுதி நிறைவேறும். 2008இல் வேலைக்கு அனுமதி. மதிப்பீடு 495 கோடி. பெரும்பகுதித் தூண்கள் விரைவிலேயே எழுந்துவிட்டன. ஆதம்பாக்கத்தில் கடைசி அரைக் கிலோமீட்டரில் நில உரிமையாளர்கள் இழப்பீடு போதாது என்று நீதிமன்றம் போனார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அதுவரை கட்டிய தூண்கள் வெயிலிலும் மழையிலும் நின்றன. மதிப்பீடு 730 கோடியைத் தாண்டியது. 2024ஆம் ஆண்டு முடிந்தபோதும் அந்தப் பாதையில் பயணிகள் ரயில் ஓடவில்லை.

நில உரிமையாளர்களைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிடுவது எளிது. யோசித்துப் பார்த்தால், தாமதம் யாரை வலித்தது? நிலம் எடுத்துத் தருவது மாநில வருவாய்த் துறையின் வேலை; தாமதமானால் அதன் வருமானத்தில் ஒரு ரூபாயும் குறையாது. ரயில் ஓட்டுவது ரயில்வேயின் வேலை. ஓடாத ரயிலால் அதற்கு நஷ்டம் மிச்சம். பரங்கிமலைக்கு 2016இல் மெட்ரோ வந்துவிட்டது; அதுவும் வேறு நிறுவனம். பறக்கும் ரயில் வந்து சேராததால் இழப்பு பயணிக்கு மட்டும்தான், அவருக்கு இந்த மூன்று அலுவலகங்களில் எதிலும் நாற்காலி இல்லை. நில உரிமையாளர் கேட்ட கூடுதல் இழப்பீட்டைக் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவையும், காத்திருந்ததால் ஏறிய செலவையும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கமாக எழுதிப் பார்க்கும் கணக்காளர் இருந்திருந்தால் இந்த வழக்கு இத்தனை ஆண்டு நீண்டிருக்குமா?

இதற்குச் சட்டத்தின் வேரும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ரயில்வே ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. மாநிலப் பட்டியலுக்குக் கிடைத்தது நகராட்சி டிராமும் கயிற்றுப்பாதையும்தான். 1950இல் இந்தப் பிரிவினை இயல்பாகத் தெரிந்திருக்கும். இன்று தாம்பரம் – கடற்கரை தடத்தில் நின்றுகொண்டே பயணிக்கும் லட்சக்கணக்கானோர், சட்டத்தின் பார்வையில், தில்லிக்குப் போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பயணிக்குச் சமமானவர்கள். இருவருக்கும் பொறுப்பு ஒரே அமைச்சகம்.

மும்பை இந்தச் சுவரில் ஒரு சன்னல் வைத்தது. 1999இல் மும்பை ரயில்வே விகாஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தை ரயில்வே அமைச்சகம் 51, மகாராஷ்டிரம் 49 என்ற பங்கில் அமைத்தார்கள். உலக வங்கிக் கடன், இருவரின் சமபங்கு, டிக்கெட்டிலேயே ஒரு சிறு கூடுதல் கட்டணம் என்று பணத்தைத் திரட்டிக் கூடுதல் தடங்கள், புதிய வண்டிகள் என்று கொண்டுவந்தார்கள். நாளுக்குச் சுமார் 75 லட்சம் பேர் ஏறும் அமைப்புக்கு அது இல்லாதிருந்தால் மூச்சே நின்றிருக்கும். ஆனாலும் அந்த நிறுவனம் திட்டமிடும், கட்டும். வண்டியை ஓட்டுவது மேற்கு, மத்திய ரயில்வேக்கள்தான். ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தண்டவாளங்களில் உயிரிழக்கிறார்கள் என்ற உண்மைக்கு முன்னால் எந்தப் பங்கு விகிதத்தையும் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. பெங்களூரு புறநகர் ரயிலுக்குக் கர்நாடகம் 51 பங்கை வாங்கிக்கொண்டது. 148 கிலோமீட்டர், 15,767 கோடி ரூபாய்த் திட்டம் 2020இல் ஒப்புதல் பெற்றது. வேலை நகர்வது ஆமை வேகத்தில். ஹைதராபாத் 2003இலேயே இருதரப்பும் பாதிப்பாதி போட்டு இருக்கிற தடத்திலேயே எம்.எம்.டி.எஸ். ஓட்டியது, நல்ல யோசனை, ஆனால் தொலைதூர ரயிலுக்கும் உள்ளூர் ரயிலுக்கும் ஒரே தடம் என்றால் எது காத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னை வேறொரு வாசலைத் தேர்ந்தெடுத்தது. 2007 டிசம்பரில் பதிவான சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்தில் ஒன்றிய அரசுக்கும் தமிழ்நாட்டுக்கும் சம பங்கு. மெட்ரோ, ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வராது. வீட்டு வசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் கீழ் வரும், அதற்குத் தனிச் சட்டங்கள். நிறுவனத்தின் தலைவர் தில்லியில் அந்த அமைச்சகத்தின் செயலாளர். நிர்வாக இயக்குநரை அனுப்புவது தமிழ்நாடு. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனோடு 45 கிலோமீட்டர் முதல் கட்டம் 2015 ஜூனில் கோயம்பேடு – ஆலந்தூர் தடத்துடன் தொடங்கியது. 2024ஆம் ஆண்டு மெட்ரோவில் பயணித்தவர்கள் பத்தரைக் கோடி. அதாவது நாளுக்கு மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இது பெரிய வெற்றி என்று சொல்லப்படுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பழைய புறநகர் ரயில்கள் நாளுக்குப் பத்து லட்சம் பேர் அளவில் சுமக்கின்றன. மெட்ரோவுக்கு ஆயிரக்கணக்கான கோடிகள் பாய்ந்த காலத்தில் அந்தப் பத்து லட்சம் பேருக்கு வந்த குறிப்பிடத்தக்க புதுமை, 2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டு தடத்தில் ஓடத் தொடங்கிய குளிர்சாதன வண்டி. அதில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய்.

மெட்ரோ ஒழுங்காக நடப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் ஒரு காரணம். பெரிய காரணம், குறை சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பது. வண்டி நின்றால் நிர்வாக இயக்குநர் பதில் சொல்கிறார், முதலமைச்சரும் கேட்கிறார். ஆனால் இந்தச் சம பங்கும் பணம் என்று வரும்போது தள்ளாடியது. 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2021–22 ஒன்றிய பட்ஜெட் உரையிலும் அது இடம்பெற்றது. ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபர் 3 அன்று. நடுவில் அது மாநிலத் துறைத் திட்டமாகவே நடத்தப்பட்டது. கடனும் செலவும் பெரும்பாலும் தமிழ்நாட்டின் கணக்கில் ஏறின. அடிக்கல்லுக்கும் அமைச்சரவைக்கும் இடையிலான அந்த நான்கு ஆண்டுகளில் யார் எவ்வளவு தருவார் என்று தெரியாமலே மாதவரத்திலும் மயிலாப்பூரிலும் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பணம் தர ஒப்புக்கொண்ட அரசும் கையை மூடிக்கொள்ளலாம். தில்லி – மீரட் விரைவு ரயிலை நடத்தும் நிறுவனத்தில் ஒன்றியத்துக்குப் பாதி, தில்லி, உத்தரப் பிரதேசம், ஹரியாணா, ராஜஸ்தானுக்கு எட்டில் ஒரு பங்கு வீதம். தில்லி அரசு தன் பாக்கியைத் தராமல் இழுத்தடித்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மூன்று ஆண்டில் விளம்பரத்துக்கு ஆயிரம் கோடிக்கு மேல் செலவிட முடிந்தவர்களுக்கு ரயிலுக்குத் தர முடியவில்லையா என்று 2023இல் நீதிபதிகள் கேட்டார்கள். 415 கோடியைத் தராவிட்டால் விளம்பர நிதியிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும் என்றார்கள். பணம் வந்தது. அதே வகை ரயிலைச் சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கும் வேலூருக்கும் போட ஆராயப்போவதாகத் தமிழ்நாட்டின் 2025–26 பட்ஜெட் சொன்னது. எந்தத் தடம், எத்தனை வேகம் என்ற ஆய்வோடு, யார் பங்கைத் தராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் இப்போதே எழுதிவைப்பது நல்லது.

எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஓர் அமைப்பு வேண்டும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாததல்ல. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. சுருக்கமாகக் கும்டா என்பார்கள். குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, கூட்டம் மட்டும் கூடவில்லை. பேருந்துக் கழகமும் நெடுஞ்சாலைத் துறையும் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் தங்கள் அதிகாரத்தில் ஒரு துளியை விட்டுத்தர விரும்பவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் குறையை ரயில்வே மீது போட முடியாது.

கும்டாவால் முடிந்தது என்ன என்பதற்கு 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி நல்ல சான்று. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட். ஒருவர் தன் அதிகாரத்தை இழக்காமல் செய்யக்கூடியது எதுவோ அது நடந்துவிடுகிறது. முடியாதது என்ன என்பதற்குக் கிளாம்பாக்கம் சான்று. பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டன. முனையத்துக்கு எதிரிலேயே தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில் ஓடியது, நிற்கவில்லை. அங்கே அப்போது நிலையமே இருக்கவில்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே ஒரு நிலையம் கட்ட மாநிலத் தரப்பே ரயில்வேயிடம் 20 கோடி ரூபாய் கட்டியது. பேருந்து நிலையத்துக்குத் திட்டம் தீட்டியபோதே ரயில் நிலையத்தையும் சேர்த்துத் தீட்டியிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் ஆட்டோவுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அதைச் சொன்னார்கள். மாநிலச் சட்டத்தால் பிறந்த குழுமத்தில் ரயில்வே அதிகாரிக்கு இடம் கொடுக்கலாம். அவருக்கு ஆணையிட முடியாது.

இப்போது பேச்சில் இருப்பது இன்னும் துணிச்சலான யோசனை: பறக்கும் ரயிலை மொத்தமாக மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைப்பது. பத்தாண்டுக்கு மேலாகக் கோப்பில் கிடந்த இதற்கு 2025இல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. நான் இதை ஆதரிக்கிறேன். பணம் போட்டவர் கையில் சொத்து போய்ச் சேரும். காலியான தளங்களுக்கு வாடகைக்காரர் தேடவும், நிலையத்துக்கு வெளியே நடைபாதை போடவும், திருமயிலையில் கீழே வரப்போகும் மெட்ரோ நிலையத்தோடு மேலே உள்ள நிலையத்தை இணைக்கவும் ஒரே நிறுவனம் பொறுப்பேற்கும்.

ஆனால் ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கும் கேள்விகள் கடினமானவை. மெட்ரோ ஓடுவது குறுகிய தரநிலைப் பாதையில், பறக்கும் ரயில் அகலப் பாதையில். ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. அதனால் வேளச்சேரித் தடத்துக்குத் தனியாக வண்டிகள் வாங்க வேண்டும், தனிப் பணிமனை வேண்டும். இன்று அங்கே வேலை செய்யும் ரயில்வே ஊழியர்கள் என்ன ஆவார்கள்? ரயில்வே சட்டத்திலிருந்து எடுத்து மெட்ரோ சட்டத்தின் கீழ் கொண்டுவந்த பிறகு கட்டணத்தை நிர்ணயிப்பது யார்? மெட்ரோ சட்டப்படி அதற்கு உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமையும். அதன் பரிந்துரை நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும். பெங்களூருவில் அப்படி ஒரு குழு சொல்லித்தான் 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆயிற்று, ஊரே கொதித்தது. சென்னை மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாய். பறக்கும் ரயிலில் 5. அந்த ஐந்து ரூபாய்ச் சீட்டை நம்பி மந்தைவெளியிலும் கஸ்தூரிபா நகரிலும் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் உண்டு. கட்டணம் ஏறாமல் இருக்க வேண்டுமானால் வித்தியாசத்தை மாநில பட்ஜெட் தர வேண்டும். சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் தந்து அதை ஈடுகட்டும் அரசுக்கு இது புதிதல்ல. எத்தனை ஆண்டுக்கு, எந்தத் தலைப்பில், யார் கையெழுத்தில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, அதிகம் பேசப்படாதது. வேளச்சேரியிலிருந்து புறப்படும் சில ரயில்கள் கடற்கரையோடு முடிந்துவிடாமல் கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் போய் வந்தன. பறக்கும் ரயில் தடமும் ரயில்வேயின் தடமும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பதால் இது முடிந்தது. நிர்வாகம் பிரியும்போது கடற்கரையில் ஒரு எல்லைக் கோடு விழும். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரே வண்டி போக வேண்டுமானால் தடத்துக்கான வாடகை, ஓட்டுநர், பாதுகாப்புச் சான்று, டிக்கெட் பங்கு என்று ஒவ்வொன்றையும் இரு நிறுவனங்களும் உட்கார்ந்து பேச வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குத் தெற்குச் சென்னையிலிருந்து வண்டி மாறாமல் போகும் ரயிலை ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று கும்டாவின் அடுத்த கூட்டத்தில் யாராவது கேட்க வேண்டும்.